மில்லிவோல்ட்டிலிருந்து மில்லிகிராமுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளூரைடு மிகுந்துள்ளது. பாறைகளிலிருந்து கரைந்து வரும் இவ்வயனிக்கு நிறமில்லை, மணமில்லை. பல் உருவாகும் பருவத்தில் அந்நீரை அருந்திய குழந்தைகளின் பற்களில் கறையாகவும், நெடுங்காலம் அருந்தியோர் எலும்புகளில் விறைப்பாகவும் பின்னரே வெளிப்படுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இம்மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்ததற்கு இஃது ஒரு முதன்மைக் காரணம். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை இசைவுண்டு.

இதனை அளக்க உதவுவது ஃபுளூரைடு அயனித்தெரிவு மின்முனை. ஃபிராண்ட், ராஸ் என்னும் இருவர் 1966இல் இதனை அறிவித்தனர். இதன் நுனியிலுள்ள லாந்தனம் ஃபுளூரைடு படிகத்தினூடே ஃபுளூரைடு அயனிகளே நகரும். அதனால் எழும் மின்னழுத்தம் ஓர் ஒப்பீட்டு மின்முனையின் துணையுடன் அளக்கப்படுகிறது.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி, 25 டிகிரி செல்சியஸில் செறிவு பத்து மடங்கானால் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் குறையும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் கொண்ட திட்டக் கரைசல் 100 மில்லிவோல்ட்டும், 10 மில்லிகிராம் கொண்டது 41 மில்லிவோல்ட்டும், கிணற்று நீர் 76.5 மில்லிவோல்ட்டும் காட்டுவதாகக் கொள்வோம். கிணற்று நீரின் செறிவு யாது?

நேர்விகிதமாகக் கணக்கிடுவோர்க்கு 4.6 என விடை வரும். அது பிழை. மின்னழுத்தம் செறிவின் மடக்கையோடு மாறுகிறதேயன்றிச் செறிவோடு அன்று. 100இலிருந்து 76.5ஐக் கழிக்க 23.5, அதை 59ஆல் வகுக்க 0.398, இதன் எதிர்மடக்கை 2.5. எனவே செறிவு லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், அந்நீர் குடிக்கத் தக்கதன்று. அளவீட்டில் 1 மில்லிவோல்ட் பிசகினாலும் விடை ஏறத்தாழ 4 விழுக்காடு மாறும் என்பதும் கருதத்தக்கது.

கணக்கு சரியாயினும் அளவீடு ஏமாற்றக்கூடும். இம்மின்முனை தனித்து உலவும் அயனிகளை மட்டுமே உணரும். நீரிலுள்ள அலுமினியத்தோடு பிணைந்த ஃபுளூரைடை உணராது. அதனால் மேற்கண்ட நீரே 90 மில்லிவோல்ட் காட்டுமாயின், விடை 1.48 என வரும். தீங்கான நீர் வரம்புக்குள் அடங்கியதாகத் தோன்றும். நீர் காரத்தன்மை மிக்கதாயின் ஹைட்ராக்சைடு அயனியும் குறுக்கிடும். ஆதலின் அளப்பதற்கு முன், பிணைப்பை விடுவித்து அமிலத்தன்மையை 5 முதல் 5.5 வரையிலான பி.எச். அளவில் நிறுத்தும் தாங்கல் கரைசல் கலக்கப்படுகிறது. கிணற்று நீரில் கலக்கும் அதே விகிதத்தில் திட்டக் கரைசல்களிலும் அதனைக் கலத்தல் வேண்டும்.