கடைசி வண்டியின் வேகம்

நடந்து செல்பவன் வழியைக் காண்கிறான். பஸ்ஸில் இருப்பவன் யன்னல் காட்டுவதைக் காண்கிறான். காரிற் செல்பவனுடைய மனமோ பெரும்பாலும் தான் போய்ச் சேரவேண்டிய இடத்திலேயே இருக்கும். மோட்டார் சைக்கிளிற் செல்பவனுக்குப் பனியும் வெயிலும், உப்புக் காற்றும் அரிதாள் மணமும், இடையே ஒரு கண்ணாடித் தடையுமின்றி நேரே வந்து சேருகின்றன. நம்மவர் இவ்வின்பத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மோட்டார் சைக்கிள் என்பது பாடசாலைக்கும் சந்தைக்கும் போய்வர உதவும் ஒரு சாதனம் என்ற அளவோடு நாம் நின்றுவிடுகிறோம்.

அதிலும், கூட்டமாக மோட்டார் சைக்கிளில் உல்லாசப் பிரயாணம் என்றதும் நம் பெரியவர்கள் முகஞ்சுளிப்பது வழக்கம். கோயில் வீதி என்றும் பாராது, பாடசாலை வாயில் என்றும் பாராது, பேரொலி எழுப்பிப் பறந்து செல்லும் இளைஞர் கூட்டமே அவர்கள் கண்முன் நிற்கும். அவ்வெறுப்புக்கு நியாயம் உண்டு. வீதி விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயொருத்தியை அறியாதவர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும், பலர் ஒருங்கு கூடிச் செல்வது வேகத்தை வளர்ப்பதற்கு மாத்திரமன்றி, வேகத்தை நெறிப்படுத்துவதற்கும் துணைபுரியும். சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து தலைமன்னார் வரை சென்று மீண்டபோது இதனை நான் கண்கூடாகக் கண்டேன்.

நாங்கள் எண்மர். ஐவர் ஆசிரியர், அவர்களுள் இருவர் பெண்கள். ஏனைய மூவரும் வங்கி எழுதுவினைஞர் ஒருவர், பல்கலைக்கழக மாணவர் ஒருவர், மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலாளர் ஒருவர். இறுதியிற் கூறியவர் அறுபது வயதை அணுகியவர். நாங்கள் யாவரும் அவரை 'அண்ணை' என்றே அழைப்போம். ஆசிரியைகள் இருவரும் ஸ்கூட்டரில் வந்தனர். மாணவருடையது 150 சீ.சீ. வலுவுள்ள புதிய வண்டி. மற்றையவை வயது சென்ற சிறிய வண்டிகளே.

இப்பிரயாணம் நெடுநாள் எண்ணம். 2022 ஆம் ஆண்டு யூலையில் எரிபொருட் பங்கீடு வந்தபோது, ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளொன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. எங்கள் வண்டிகள் ஒரு லீற்றருக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவு ஓடுவன. தலைமன்னார் போய் வருவதற்கோ முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஓட்டம் வேண்டும். ஒரு வாரப் பங்கு முழுவதையும் ஊற்றினாலும் திரும்பும் வழியில் நிற்கவேண்டியதுதான். 2023 செப்ரெம்பரில் அக்கட்டுப்பாடு நீங்கிய பின்னரும், பரீட்சை என்றும் மழை என்றும் நாட்கள் கழிந்தன. இறுதியில், வயல்கள் விளைந்து, பறவைகள் இன்னும் வடக்கே திரும்பாதிருக்கும் மாசியைத் தெரிந்துகொண்டோம்.

புறப்படுமுன் அண்ணை விதிகளைக் கூறினார். ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டிற் செல்லலாகாது. முதல்வர் எங்கள் பக்கத்து வீதியின் வலப்பாதியிலும் அடுத்தவர் இடப்பாதியிலுமாக மாறி மாறிச் செல்லவேண்டும். நேர் முன்னே செல்பவருக்கும் தமக்குமிடையில் இரண்டு விநாடி இடைவெளி விடவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடி என்பது 33 மீற்றர். முன்னவர் திடீரெனத் தடுப்பை அழுத்தினாற் பின்னவர் உயிர்தப்ப வேண்டிய தூரம் அதுவே. வளைவுகளில் மாத்திரம் யாவரும் ஒற்றை வரிசைக்கு வரவேண்டும்.

இவை கைநூல்களிலும் காணப்படுவன. அண்ணை வற்புறுத்திய விதி வேறொன்று. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னே வருபவருக்குப் பொறுப்பாளி. பக்கக் கண்ணாடியில் அவருடைய விளக்குத் தெரியவேண்டும். அது மறைந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். அப்போதும் தெரியாவிடின் ஓரமாக நிற்கவேண்டும். ஒருவர் வேகங் குறைத்தால் அவருக்கு முன்னே செல்பவரும் தம் கண்ணாடியைப் பார்த்துக் குறைப்பார். இவ்வாறு ஒரு சொல்லுமின்றிச் செய்தி கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டிக்குச் சென்றுவிடும். ஆகவே, கூட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்னே செல்பவர் அல்லர், கடைசியாக வருபவரே. அந்த இடத்தை அண்ணை தமக்கென வைத்துக்கொண்டார்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பர். அது தடித்த மேற்சட்டையையும் துளைக்கும் என்பதை நாவற்குழியை அடைவதற்குள் யாவரும் அறிந்தோம். அங்கே கண்டி வீதியை விட்டு வலப்புறந் திரும்பி, தனங்கிளப்பு வெளியினூடாகக் கேரதீவை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே முற்காலத்தில் 'பாதை' எனப்பட்ட மிதவையில் ஏறியே கடனீரேரியைக் கடப்பர். இப்போதுள்ள 288 மீற்றர் நீளப் பாலம் 2011 சனவரியிற் திறக்கப்பட்டது. அது இல்லாவிடின் ஆனையிறவு, பரந்தன் எனச் சுற்றியே பூநகரிக்கு வரவேண்டும். மெதுவாகச் சென்றாலும் பாலத்தைக் கடக்க அரை நிமிடமே ஆகும். ஆயினும், இருபுறமும் நீர் பொன்னிறங் கொண்டிருந்த அவ்வேளையில் எவருக்கும் விரைந்து செல்ல மனம் வரவில்லை.

பூநகரியில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர்போன ஊர் அது. வீதியோரத்திலே நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருந்தனர். சில இடங்களில் வீதியின் பாதியையே நெல் பிடித்திருந்தது. நெல்மணியின் மீது ஏறிய சில்லு மணலில் ஏறியது போல வழுக்கும். ஆதலால், ஒற்றை வரிசையாகி ஊர்ந்து சென்றோம். நெல்லைக் காலாற் கிளறிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எண்மரையும் எண்ணுவது போல விரல் நீட்டிப் பார்த்துச் சிரித்தார். 2008 இல் இவ்வீதி வழியேதான் போர் வடக்கு நோக்கி நகர்ந்தது. வீதியோரத்துக் கிராமங்கள் யாவும் கிழக்கே பெயர்ந்தன. இன்று அதே தார்வீதியில் நெல் காய்வதைக் காணும்போது, எங்கள் பயணம் சிறிது தாமதமாவதைப் பெரிதாகச் சொல்ல நா எழவில்லை.

நெல் முடிந்ததும் வீதி நேராயிற்று. மாணவருக்குப் பொறுமை அற்றுப்போயிற்று. யாவரையும் கடந்து முன்னே சென்று, சற்று நேரத்தில் ஒரு புள்ளியாகி மறைந்துவிட்டார். அவரைக் குறைகூற நான் விரும்பவில்லை. அகன்ற வீதி, குளிர்ந்த காற்று, கைப்பிடியைத் திருகியதும் பாயும் புதிய வண்டி, இருபத்திரண்டு வயது: இவை ஒன்றுசேரும்போது நாற்பது கிலோமீற்றர் வேகம் சிறைவாசமாகத்தான் தோன்றும்.

முழங்காவிலை அணுகுகையில் என் கண்ணாடியில் இருந்த விளக்கு மறைந்தது. நின்றேன், எனக்கு முன்னே சென்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக நின்றனர். ஆசிரியை ஒருவருடைய ஸ்கூட்டரின் பின்சில்லில் ஆணி ஏறியிருந்தது. அண்ணை ஆணியைப் பிடுங்கி, பசை தோய்ந்த இறப்பர்த் திரியொன்றைத் துளையிற் செருகி, கைப்பம்பினாற் காற்றடிக்கத் தொடங்கினார். நாங்கள் முறைவைத்து அடித்தோம். சுடுதண்ணிப் போத்தலிற் கொண்டுவந்த தேநீர் சிரட்டை அளவாகப் பங்கிடப்பட்டது. வேப்பமரத்து நிழலில் அமர்ந்து கட்டிவந்த இடியப்பத்தையும் சம்பலையும் அங்கேயே உண்டு முடித்தோம். "என்னாலை எல்லாருக்கும் மினக்கேடு" என்று அவ்வாசிரியை மீண்டும் மீண்டும் கூறிக்கொண்டிருந்தார்.

அவ்வார்த்தை காதில் விழும் வேளையிலேதான் மாணவர் திரும்பி வந்தார். வெள்ளாங்குளம் வரை சென்று, அரைமணி நேரம் தனியே காத்திருந்து, எவரையும் காணாது, என்ன நேர்ந்ததோ என அஞ்சி வந்திருக்கிறார். முகம் வெளிறியிருந்தது. எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அண்ணை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, முன்னுக்குப் போறவனுக்கு றோட்டுத்தான் தெரியும். பின்னுக்கு வாறவனுக்குத்தான் ஆக்களைத் தெரியும். திரும்பி வரேக்கை நீ கடைசியா வா."

இலுப்பைக்கடவை கடந்து விடத்தல்தீவில் மறுபடியும் நின்றோம். எங்களுள் ஒருவரான ஆங்கில ஆசிரியரின் குடும்பம் இவ்வூரைச் சேர்ந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களும் வெளியேறினர். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் புத்தளத்தில். தந்தையார் பிறந்த வளவை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று முன்னரே சொல்லியிருந்தார். ஒழுங்கையினுள் அவர் தனியாகவே சென்றார். நாங்கள் வீதியில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு நின்றோம். கால்மணி நேரத்தின் பின் வந்தவர், "கிணறு இருக்கிறது, தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று மாத்திரம் கூறினார். அவர் தலைக்கவசத்தை அணிந்து தயாராகும்வரை முதல் வண்டியும் அசையவில்லை.

அப்பால், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தத்திற் கால் நனைத்து, மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியை அடைந்தோம். இங்கிருந்த பழைய பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டது. புதியது 2010 இல் திறக்கப்பட்டது. இருபுறமும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. தொலைவிலே பூநாரைக் கூட்டமொன்று இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தது. இப்பகுதியை அடுத்துள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. திறந்த அவ்வெளியிற் காற்றுப் பக்கவாட்டில் மோதும். வண்டியைக் காற்று வரும் பக்கம் சிறிது சாய்த்தாலன்றி நேரே செல்ல இயலாது. எட்டு வண்டிகளும் ஒரே பக்கம் சாய்ந்தபடி நேரே சென்ற காட்சி இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை.

மன்னாரில் போர்த்துக்கேயர் 1560 இல் அமைத்து, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையைச் சுற்றிவந்தோம். பள்ளிமுனையிலே பெருக்கமரத்தைக் கண்டோம். அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்தது என்று சொல்லப்படும் இம்மரத்தின் அடிச்சுற்று 19 மீற்றருக்கும் அதிகம். எண்மரும் கைகோத்து அணைத்துப் பார்த்தோம். பாதியைச் சற்றுத் தாண்டியதோடு எங்கள் கைகள் முடிந்துவிட்டன. வீதியின் நடுவே நின்ற கழுதைகளுக்கு வழிவிட்டு, மீன்குழம்புச் சோறுண்டு, தலைமன்னாரை அடைகையிற் பிற்பகலாயிற்று.

இராமேசுவரத் தீவின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 இல் கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிற் சீட்டெடுத்துக் கொழும்பிற் புகைவண்டியால் இறங்கலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போர்க்காலத்தில் நின்றுபோன புகைவண்டி 2015 இல் மீண்டும் தலைமன்னாருக்கு வந்தது. பழைய இறங்குதுறையருகே அமர்ந்து கடலை நோக்கியபோது, நாள் முழுவதும் இரைச்சலில் இருந்த காதுக்கு அலையோசை புதிதாகக் கேட்டது. மோட்டார் சைக்கிட் பயணத்திற் சம்பாஷணைக்கு இடமில்லை. எட்டு மணித்தியாலம் ஒருங்கு வந்தும், ஒவ்வொருவரும் தத்தம் தலைக்கவசத்தினுள்ளே தனியாகவே இருந்தோம். ஆயினும் அங்கே அமர்ந்தபோது, நெடுநேரம் பேசிக் களைத்தவர்களின் நிறைவு எங்களிடம் இருந்தது.

திரும்பும்போது மாணவர் கடைசியாக வந்தார். பொழுது சாய்ந்ததும் மாடுகள் தார்ச் சூட்டை நாடி வீதியிற் படுத்துவிடும். ஆகவே வேகம் மேலுங் குறைந்தது. சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து கேரதீவில் நின்றபோது, நான் அவரிடம் எப்படி என்று கேட்டேன். "ஏழு சிவப்பு விளக்கையும் எண்ணி எண்ணிக்கொண்டு வந்தன், சேர். வளைவிலை ஒண்டு குறைஞ்சாலும் நெஞ்சு திக்கெண்டது" என்றார். அவருடைய வண்டி அன்று காலை ஓடிய வேகத்தில் மூன்றிலொரு பங்கிலேயே மாலையில் ஓடியது. ஆயினும், காலையிற் காணாத ஒளியொன்றை அவர் முகத்திற் கண்டேன்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது புதிதன்று. முதல் வாங்கில் இருக்கும் மாணவனைக் கொண்டு பாடத்தை நடத்தி முடிப்பது எளிது. கடைசி வாங்கில் இருப்பவனின் முகத்தைப் பார்த்து நடத்துவதே அரிது. வீதியில் இவ்வுண்மை ஒரே நாளில் விளங்கிவிடுகிறது. ஏனெனில், அங்கே பின்தங்குபவர் கண்ணாடியிலிருந்தே மறைந்துவிடுகிறார்.

மாசி கழிந்து பங்குனி பிறந்தால் வெயில் ஏறிவிடும், நெல்லும் வீதியை விட்டுக் களஞ்சியம் சேர்ந்துவிடும், பூநாரைகளும் போய்விடும். ஆதலால், வண்டியும் நண்பர் சிலரும் வாய்க்கப்பெற்றோர் அடுத்த மாசியிலாயினும் ஒரு நாள் செல்வார்களாக. சில்லுக்குக் காற்றும் தாங்கிக்குப் பெற்றோலும் பார்த்துக்கொள்க. எல்லாவற்றுக்கும் முன்னதாக, கடைசியாக வருபவர் யார் என்பதைத் தீர்மானித்துக்கொள்க.