புதிய மேசை மில்லிங் எந்திரத்தைத் துப்புரவு செய்து நிறுவுதல்

மேசை மில்லிங் எந்திரம் என்பது பணிமேசை மீது வைத்துப் பயன்படுத்தத்தக்க சிறிய உலோக வெட்டு எந்திரம் ஆகும். தமிழில் இது துருவல் எந்திரம் எனவும் அழைக்கப்படுகிறது. லேத் எந்திரத்தில் பணிப்பொருள் சுழலும், வெட்டுளி நகரும். மில்லிங் எந்திரத்தில் கட்டர் சுழலும், மேசையில் இறுக்கப்பட்ட பணிப்பொருள் அதை நோக்கி நகர்த்தப்படும். மாதிரி எந்திரங்கள் செய்வோர், கருவி பழுதுபார்ப்போர், பொறியியல் மாணவர்கள் முதலியோர் இதை வீட்டுப் பட்டறையில் பயன்படுத்துகின்றனர்.

சீனாவின் சீக் நிறுவனம் தயாரிக்கும் எக்ஸ்2 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. ஒரே எந்திரம் பல நாடுகளில் பல வணிகப் பெயர்களிலும் நிறங்களிலும் விற்கப்படுகிறது. இத்தகைய எந்திரங்கள் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடக்கூடியவை. ஆனால் உடனே வேலைக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் மீது தடித்த துருத்தடுப்புப் பசை பூசப்பட்டிருக்கும். அப்பசையில் வார்ப்பு மணலும் உலோகத் துகளும் கலந்திருக்கலாம். அந்நிலையில் கைப்பிடிகளைச் சுழற்றினால், பசை அரைக்கும் களிம்பாக மாறிச் சறுக்குத் தடங்களைத் தேய்க்கும். தேய்ந்த தடத்தை வீட்டில் மீட்பது கடினம். எனவே துப்புரவும் சீரமைப்பும் எந்திரத்தின் ஆயுளையும் துல்லியத்தையும் தீர்மானிக்கும் முதல் வேலைகளாகும்.

முக்கியப் பாகங்கள்

எந்திரத்தின் அடியில் வார்ப்பிரும்பாலான அடித்தளம் உள்ளது. அதன் மீது முன்னும் பின்னும் நகரும் சேடில், சேடிலின் மீது இடவலமாக நகரும் மேசை ஆகியவை அமைந்துள்ளன. பின்புறத்தில் செங்குத்தான தூண் நிற்கிறது. மோட்டாரையும் ஸ்பிண்டிலையும் தாங்கும் தலைப்பகுதி இத்தூணில் மேலும் கீழும் நகரும். இடவல நகர்வு எக்ஸ் அச்சு, முன்பின் நகர்வு ஒய் அச்சு, மேல்கீழ் நகர்வு இசட் அச்சு எனப்படும்.

நகரும் பாகங்கள் புறாவால் வடிவத் தடங்களில் சறுக்குகின்றன. தடத்துக்கும் நகரும் பாகத்துக்கும் இடையே ஜிப் எனப்படும் மெல்லிய பட்டை செருகப்பட்டிருக்கும். தடத்தின் தளர்வை இப்பட்டையைக் கொண்டே சரிசெய்கின்றனர்.

ஸ்பிண்டிலின் உட்புறம் கூம்பு வடிவத் துளையாக இருக்கும். சிறிய எந்திரங்களில் மோர்ஸ் கூம்பு 3, ஆர்8 ஆகிய இரண்டும் பொதுவானவை. ஆர்8 வகை அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் எந்திரங்கள் வழியாகப் பரவியது. எந்திரத்தில் எந்தக் கூம்பு உள்ளது என்று தெரிந்த பின்னரே கோலெட்டுகளை வாங்க வேண்டும். ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் பொருந்தாது.

இடத்தைத் தேர்தல்

எக்ஸ்2 அளவிலான எந்திரம் ஏறத்தாழ 50 முதல் 60 கிலோ எடை கொண்டது. அதைவிடப் பெரிய மேசை எந்திரங்கள் 100 கிலோவைத் தாண்டும். ஆகவே மெல்லிய மரமேசை போதாது. தடித்த பலகை பொருத்திய, குறுக்குச் சட்டங்களுடன் கூடிய இரும்புச் சட்ட மேசை ஏற்றது. மேசை ஆடினால் வெட்டப்படும் பரப்பில் அதிர்வுக் கோடுகள் விழும்.

எந்திரத்தின் இருபுறமும் மேசை முழுவதும் நகர இடம் விட வேண்டும். உலோகச் சீவல்கள் பல அடி தூரம் தெறிக்கும் என்பதால் சமையலறை, படுக்கையறை, குழந்தைகள் நடமாடும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று வார்ப்பிரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். அங்கு சாளரத்தை ஒட்டி எந்திரத்தை வைக்கலாகாது.

பெட்டியைத் திறத்தலும் தூக்குதலும்

மரப்பெட்டியின் மேல்மூடியையும் பக்கப் பலகைகளையும் கழற்றிய பின், எந்திரம் அடிப்பலகையுடன் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தூக்குவதற்கு முன் இவற்றைக் கழற்ற வேண்டும். உடன்வரும் பொருள்களைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, உடைந்த கைப்பிடி, விரிசல் முதலியவற்றைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

எடையின் பெரும்பகுதி தூணிலும் தலைப்பகுதியிலும் இருப்பதால் எந்திரம் எளிதில் கவிழும். தலைப்பகுதியைத் தாழ்த்திப் பூட்டிவிட்டுத் தூக்குவது பாதுகாப்பானது. இதற்காகக் கைப்பிடியைச் சுழற்றும் முன், அத்தடத்தில் உள்ள பசையை மட்டும் துடைத்துவிட வேண்டும். சிறிய எந்திரத்தை இருவர் சேர்ந்து தூக்கலாம். பெரியதற்குச் செயின் பிளாக்கும் பட்டைக் கயிறும் தேவை. பட்டையைத் தூணிலும் அடித்தளத்திலும் மட்டுமே கட்ட வேண்டும். மேசையின் முனைகளையோ கைச்சக்கரங்களையோ பிடித்துத் தூக்கினால் திருகுத்தண்டுகள் வளையக்கூடும்.

துருத்தடுப்புப் பசையை நீக்குதல்

பசையை முதலில் மரத்துண்டு அல்லது பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுக்க வேண்டும். இரும்புத் தகடு தடங்களைக் கீறும். மிஞ்சியதை மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன் நனைத்த பனியன் துணியால் துடைக்கலாம். மூலைகளுக்கும் திருகுப் புரிகளுக்கும் பழைய பல்துலக்கி உதவும்.

பெட்ரோல் பயன்படுத்தக் கூடாது. அதன் ஆவி சாதாரண அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும். பெயின்ட் தின்னர் எந்திரத்தின் வண்ணப்பூச்சைக் கரைத்துவிடும். தண்ணீர் பட்ட வார்ப்பிரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெயும் எரியக்கூடியதே. ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் தீப்பொறியும் இல்லாத நிலையில், நைட்ரைல் கையுறை அணிந்து வேலை செய்ய வேண்டும். நனைந்த துணிகளை மூடியுள்ள தகரப் பெட்டியில் போட வேண்டும்.

வெளிப்புறத்தைத் துடைப்பது மட்டும் போதாது. மேசையின் ஒரு முனையில் உள்ள கைச்சக்கரத்தையும் தாங்கியையும் கழற்றி, ஜிப் பட்டையைத் தளர்த்தினால் மேசையைத் தனியே எடுக்கலாம். அதன் பின் சேடிலையும் எடுக்கலாம். பெரும்பாலும் மணலும் துகளும் தங்குவது இவற்றின் அடிப்பகுதியில்தான். கழற்றும்போது ஒவ்வொரு படியையும் படம் எடுத்து, திருகுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தால் திரும்பப் பொருத்துவது எளிதாகும். ஜிப் பட்டை எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்வது அவசியம்.

தடங்களின் ஓரத்திலும் டி வடிவக் காடிகளின் விளிம்பிலும் பிசிறுகள் இருக்கலாம். மென்மையான எண்ணெய்ச் சாணைக்கல்லைத் தட்டையாக வைத்து லேசாகத் தேய்த்தால் அவை நீங்கும். பரப்பு முழுவதையும் தேய்ப்பது தவறு. மின்மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கரைப்பானால் நனையக் கூடாது. ஸ்பிண்டில் தாங்கிகளில் கிரீஸ் உள்ளதால் அவற்றுக்குள்ளும் மண்ணெண்ணெய் செல்லக் கூடாது. கூம்புத் துளையின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்து உலர வைக்க வேண்டும். அங்கு ஒரு சிறு துகள் இருந்தாலும் கட்டர் கோணலாகச் சுழலும்.

உயவிடுதல்

துடைத்த வார்ப்பிரும்பைக் காய்ந்த நிலையில் விட்டால் துரு பிடிக்கும். ஆகவே உடனே எண்ணெய் பூச வேண்டும். சறுக்குத் தடங்களுக்கென விற்கப்படும் பாகுநிலை 68 கொண்ட எண்ணெய் ஏற்றது. அது செங்குத்துத் தடத்திலும் ஒட்டிநிற்கும். திருகுத்தண்டுகளுக்கும் இதையே இடலாம். திறந்த தடங்களில் கிரீஸ் பூசினால் அது சீவல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே தயாரிப்பாளர் கூறாத இடத்தில் கிரீஸைத் தவிர்ப்பது நல்லது.

ஜிப் பட்டையும் பின்னடைவும்

மேசையைத் திரும்பப் பொருத்திய பின் ஜிப் திருகுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கைச்சக்கரம் சற்றே எதிர்ப்புடன், எல்லா இடத்திலும் ஒரே சீராகச் சுழல வேண்டும். திருகை அசையாமல் பிடித்துக்கொண்டே பூட்டு நட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டுடன் திருகும் திரும்பிவிடும்.

திருகுத்தண்டுக்கும் அதன் நட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி பின்னடைவு எனப்படும். மேசைக்கு எதிராக டயல் இண்டிகேட்டரை வைத்து, சக்கரத்தை ஒரு திசையில் சுழற்றி நிறுத்தி, பின் எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். முள் அசையத் தொடங்கும் வரை சக்கரம் கடந்த அளவே பின்னடைவு ஆகும். ஓரளவு பின்னடைவு எல்லாச் சிறிய எந்திரங்களிலும் உண்டு. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் அது அளவைப் பாதிக்காது. ஆனால் கட்டர் சுழலும் திசையிலேயே பணிப்பொருளை ஊட்டும் கிளைம்ப் முறையில், கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்துவிடும். இதில் கட்டர் உடையவும் கூடும். எனவே தொடக்கநிலையில் எதிர்த்திசை ஊட்டமே பாதுகாப்பானது.

ஸ்பிண்டிலைச் செங்குத்தாக்கல்

எந்திரத்தை மேசையுடன் பிணைப்பதற்கு முன் ரசமட்டம் வைத்து நிலை பார்க்கலாம். அடித்தளம் நான்கு மூலைகளிலும் படிந்திருக்க வேண்டும். படியாத மூலையை போல்ட்டால் இழுத்து இறுக்கினால் அடித்தளமே முறுக்கிக்கொள்ளும். அங்கு மெல்லிய தகடு செருகிய பின்பே இறுக்க வேண்டும்.

ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக உள்ளதா எனச் சோதிப்பது டிராமிங் எனப்படும். ஸ்பிண்டிலில் ஒரு கம்பி வழியாக டயல் இண்டிகேட்டரைப் பொருத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, கையால் மேசை மீது வட்டமாகச் சுழற்ற வேண்டும். இடம், வலம், முன், பின் ஆகிய நான்கு இடங்களிலும் அளவு குறிக்கப்படும். 150 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இடவல வேறுபாடு 0.05 மி.மீ. எனில், 60 மி.மீ. அகலக் கட்டரின் இரு ஓரங்களுக்கும் இடையே 0.02 மி.மீ. உயர வேறுபாடு இருக்கும். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே விரல் நகத்தில் உணரத்தக்க படி உருவாவது இதனால்தான்.

இடவலச் சாய்வைத் தூணின் அல்லது தலைப்பகுதியின் பெரிய நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்பின் சாய்வுக்குப் பொதுவாக அத்தகைய வசதி இல்லை. தூண் அடித்தளத்தின் மீது அமர்ந்துள்ள எந்திரத்தில், பின்புற அளவு அதிகமாகக் காட்டினால் தூண் பின்னோக்கிச் சாய்ந்துள்ளது என்று பொருள். அப்போது தூணின் பின்விளிம்பின் அடியில் மெல்லிய தகடு வைக்கப்படும். அதன் கனத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். 150 மி.மீ. வட்டத்தில் வேறுபாடு 0.06 மி.மீ., தூணின் அடிப்பரப்பு முன்பின்னாக 100 மி.மீ. எனில், 0.04 மி.மீ. தகடு தேவை.

இதற்குப் பின்னரே வைஸ் பொருத்தப்படுகிறது. வைஸின் நிலைத்தாடை மீது இண்டிகேட்டரை வைத்து மேசையை இடவலமாக நகர்த்தும்போது முள் அசையாதிருக்க வேண்டும்.

மின்னிணைப்பும் முதல் ஓட்டமும்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு ஆகும். 110 வோல்ட் நாடுகளுக்கெனச் செய்யப்பட்ட எந்திரத்தை நேரடியாக இணைத்தால் கட்டுப்பாட்டுச் சுற்று எரிந்துவிடும். எனவே எந்திரத்தில் ஒட்டிய தகட்டை முதலில் படிக்க வேண்டும். நில இணைப்பு உள்ள மூன்று முனைப் பிளக்கும், 30 மில்லிஆம்பியர் கசிவு மின் துண்டிப்பானும் அவசியம். அவசர நிறுத்தப் பொத்தான் செயல்படுகிறதா எனக் கட்டர் இல்லாமலே சோதிக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டி, படிப்படியாக வேகத்தைக் கூட்டலாம். தாங்கிகள் மிதமாகச் சூடாவது இயல்பு. கைவைக்க முடியாத சூடும் கரகரப்பும் கோளாறின் அறிகுறிகள். முந்தைய எக்ஸ்2 எந்திரங்களில் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உள்ளன. கட்டர் சிக்கிக்கொண்டால் அவை உடையும். எனவே முதல் வெட்டுகள் ஆழம் குறைந்தவையாக இருக்க வேண்டும்.

கட்டரின் சுழற்சி வேகம் அதன் விட்டத்தைப் பொறுத்தது. வெட்டு வேகத்தை (மீட்டர்/நிமிடம்) 1000 ஆல் பெருக்கி, 3.14 மற்றும் விட்டம் (மி.மீ.) ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். மென்னிரும்புக்கு அதிவேக எஃகுக் கட்டரின் வேகத்தை 30 மீட்டர் எனக் கொண்டால், 10 மி.மீ. கட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 955 முறை சுழல வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

துப்புரவின்போது அணிந்த கையுறையை எந்திரம் ஓடும்போது அணியக் கூடாது. சுழலும் கட்டர் கையுறையுடன் விரலையும் இழுத்துவிடும். தளர்ந்த சட்டைக்கை, துப்பட்டா, விரித்த கூந்தல், மோதிரம் ஆகியவையும் ஆபத்தானவை. கண்ணாடிக் கவசம் கட்டாயம். ஸ்பிண்டிலின் மேல்முனையில் மாட்டிய ஸ்பேனரை எடுக்காமல் எந்திரத்தை இயக்கினால் அது வீசியெறியப்படும்.

சீவல்களை எந்திரம் நின்ற பின் தூரிகையால் அகற்ற வேண்டும். அழுத்தக் காற்று அவற்றைத் தடங்களுக்குள் தள்ளிவிடும். வேலை முடிந்ததும் தடங்களைத் துடைத்து எண்ணெய் பூசி மூடி வைப்பது வழக்கம். புதிய எந்திரத்தில் ஜிப் பட்டைகள் சில வாரங்களில் படிந்து தளர்வதால், அவற்றையும் ஸ்பிண்டிலின் செங்குத்து நிலையையும் அப்போது மறுபடி சோதிக்க வேண்டும்.