கெடாவிலிருந்து நீஸ் மாநாட்டுக்கு: விசா தடையில்லை, பணமும் பத்திரமும்தான்

பிரான்சின் தென்கிழக்குக் கோடியில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நீஸ் நகரம் மாநாடுகளுக்குப் பேர்போனது. ஐ.நா.வின் மூன்றாவது பெருங்கடல் மாநாடு 2025 ஜூனில் அங்கேதான் கூடியது. கெடாவில் செமிலிங் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலோ சிந்தோக் வட மலேசியப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்யும் நம் பிள்ளைக்கு அங்கே கட்டுரை வாசிக்க அழைப்பு வந்தால், "விசா கிடைக்குமா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள்.

விசாவே வேண்டாம். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். சென்னையிலிருந்து அதே மாநாட்டுக்குக் கிளம்பும் ஆய்வாளர் வங்கிக் கணக்கு விவரத்தைத் தூக்கிக்கொண்டு விசா மையத்துக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சல் நமக்கு இல்லை.

அதற்காகக் கையை வீசிக்கொண்டு போய்விட முடியாது. திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, மருத்துவக் காப்புறுதி, மாநாட்டு அழைப்புக் கடிதம் ஆகியவற்றை எல்லையில் கேட்கலாம். செலவுக்குப் பணம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஓட்டல் பதிவு இருந்தால் நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ என்பது பிரான்சின் கணக்கு. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. கடப்பிதழ் நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். நம் கடப்பிதழின் ஆயுள் ஐந்தே வருடம் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு உள்ள சிக்கல் வேறு. விசா விலக்கு குடிமக்களுக்குத்தான், நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டைக்குப் பொருந்தாது. தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்து, திருமணமும் கோயிலோடு நின்று பதிவாகாமல் போயிருந்தால், தகப்பன் குடிமகனாக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமைச் சிக்கல் வரலாம். படிப்பில் முதல் ஆளாக வந்தவர்கூட இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். அழைப்பு வந்தபின் தீர்க்கிற காரியமல்ல இது.

அடுத்தது பணம். வசதி குறைந்த நாடுகளின் ஆய்வாளருக்கு மாநாடுகள் கட்டணச் சலுகை தருவதுண்டு. உலக வங்கிப் பட்டியலில் மலேசியா உயர் நடுத்தர வருமான நாடு. அதனால் பல இடங்களில் நமக்கு அந்தச் சலுகை கிடையாது. மாணவர் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், பயண உதவித்தொகை என்று தனித்தனியாகத்தான் தேட வேண்டும். பல்கலைக்கழகம் உதவினாலும், "முதலில் நீங்கள் கட்டுங்கள், ரசீது காட்டினால் திருப்பித் தருகிறோம்" என்பதே பல இடங்களில் வழக்கம். பால்வெட்டுத் தொழிலாளி மகளுக்கு அந்த 'முதலில்' என்பதுதான் மலை. டிக்கெட்டுக்கு முன்பணம் கிடைக்குமா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வழி சுலபம். சுங்கை பட்டாணியிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து அரைமணியில் விமான நிலையம். பினாங்கிலிருந்தும் பறக்கலாம், ஆனால் நீஸ் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். மலிவென்று தனி டிக்கெட் எடுத்து, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததன் பணம் போனது போனதுதான். மலேசியா ஏர்லைன்ஸ் 2025 மார்ச்சில் பாரிசுக்கு மீண்டும் பறக்கத் தொடங்கியது. ஆனால் பாரிசிலிருந்து நீஸுக்கு அதிவேக ரயிலிலும் ஆறு மணி நேரம் ஆகிறது. துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக நேரே நீஸில் இறங்குவதே மேல். விமான நிலையத்திலிருந்தே ஊருக்குள் டிராம் ஓடுகிறது.

மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ மாநாடு என்றால் மட்டும் கவனம். மே மாதத்தில் பக்கத்து கான் நகரில் திரைப்பட விழா, 2026 முதல் ஜூன் தொடக்கத்தில் மொனாக்கோவில் கார்ப் பந்தயம் என்று அறை வாடகை எகிறிவிடும். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். சொக்கா என்று கடலைமாவில் நம் அடை மாதிரி ஒன்றை அந்த ஊர்த் தெருக்களில் சுட்டுத் தருகிறார்கள்.

தமிழாய்வுக்குப் பிரான்ஸ் அந்நியமான நாடல்ல. 1966-இல் கோலாலம்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் மாநாட்டின் மூன்றாவது அமர்வு 1970-இல் பாரிசில் நடந்தது. தயங்காமல் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்புங்கள். அனுப்பும் அன்றே கடப்பிதழின் தேதியைப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் அதே வாரம் பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள்.