கடலுக்கு இக்கரையில் உட்கார்ந்த தூதரகம்

மேகமலையில் ஏலக்காய் எடுக்கிறவர்களுக்கு ஏமன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. போடிநாயக்கனூர் ஏல மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிற வியாபாரிக்குத் தெரிந்தே ஆகவேண்டும். தட்டில் கொட்டிய மாதிரிக் காயை விரலால் தள்ளிப் பார்க்கிறார். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருக்கிறதா, பச்சை நிறம் வெளிறாமல் நிற்கிறதா என்று கவனிக்கிறார். அடுத்த நிமிடம் அவர் கை போனுக்குப் போகிறது. வளைகுடாவில் ஒவ்வொரு குவளைக் காபிக்கும் ஏலக்காய் வேண்டும். அதிலும் சவூதி பெரிய சந்தை. ரம்ஜானுக்கு முந்தைய மாதங்களில்தான் கிராக்கி. இந்தியாவிலிருந்து சவூதித் துறைமுகமான ஜித்தாவுக்கு நேர்வழியில் போகும் கப்பல் பாப்-எல்-மண்டெப் நீரிணை வழியாகத்தான் செங்கடலுக்குள் நுழையும். அந்த வாசலின் ஒரு பக்கம் ஏமன், மறுபக்கம் ஜிபூட்டி.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. சரக்குக் கட்டணமும் காப்பீடும் ஏறின. அந்த நாட்களில் ஒரு நல்ல வியாபாரி என்ன செய்வார்? டிவி பார்ப்பார்தான். ஆனால் நம்புவது கப்பல் ஏஜென்டையும் ஜித்தாவில் இருக்கிற தன் ஆளையும். துறைமுகத்தில் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள், கடைக்காரர் அடுத்த லோடுக்கு முன்பணம் தருகிறாரா என்பதிலிருந்து மிச்சத்தை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

தூதரகம் என்றாலே உளவு என்று நினைப்பது சினிமா தந்த பழக்கம். 1961-இன் வியன்னா ஒப்பந்தம், தூதரகத்தின் கடமைகளில் ஒன்றாக, இருக்கும் நாட்டின் நிலவரத்தைச் சட்டப்படியான எல்லா வழிகளிலும் அறிந்து தன் அரசுக்குத் தெரிவிப்பதையும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. போர்க்காலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதி போடி வியாபாரி செய்வதுதான். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த எல்லையை மூடிவிட்டார்கள், பெட்ரோல் வரிசை எவ்வளவு நீளம், கறுப்புச் சந்தையில் டாலர் என்ன விலை. இவற்றுக்கு ரகசியக் கேமரா எதுவும் தேவையில்லை.

சிக்கல், அந்த நாட்டிலேயே இருக்க முடியாமல் போகும்போது வருகிறது. அப்போது பக்கத்து நாட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியத்தை அமெரிக்கா அங்கீகரிக்காதிருந்த 1920-களில் அமெரிக்க அதிகாரிகள் லாட்வியாவின் ரீகாவிலிருந்து ரஷ்யப் பத்திரிகைகளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். மாவோ காலத்துச் சீனாவை ஹாங்காங்கிலிருந்து பார்த்தார்கள். 2006-இல் ஈரானுக்காகத் துபாயில் தனி அலுவலகமே திறந்தார்கள். நமக்கு அப்படியொரு ஜிபூட்டி வாய்த்தது.

2015 மார்ச் 26-இல் சவூதி தலைமையிலான கூட்டணி ஏமன் மீது குண்டு வீசத் தொடங்கியது. தலைநகர் சனா அதற்கு முன்பே ஹூதிகள் கையில். நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள் என்று சனாவிலிருந்த இந்தியத் தூதரகம் ஜனவரியிலிருந்தே எச்சரித்துக்கொண்டிருந்தது. பலர் கிளம்பவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்வது சுலபம். அங்கே இருந்த இந்தியர்களில் நிறையப் பேர் கேரளத்து நர்ஸுகள். பலருடைய பாஸ்போர்ட் வேலை கொடுத்த மருத்துவமனையின் அலமாரியில் இருந்தது. சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் நின்றது. ஊரில் கடன் வாங்கித்தான் விமானம் ஏறியிருந்தார்கள். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

வான்வெளியைச் சவூதி தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததால் சனாவில் ஏர் இந்தியா விமானம் இறங்க ஒரு நாளைக்குச் சில மணி நேரமே அனுமதி கிடைத்தது. சனாவில் தூதர் அம்ரித் லுகுனின் அலுவலகம் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்களை விமான நிலையத்துக்கு வரச் சொன்னது. ஏடன் துறைமுகத்துக்குக் கடற்படையின் சுமித்ரா போனது. கடற்கொள்ளையர் தடுப்பு ரோந்தில் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த கப்பல் அது. சண்டை நடக்கும் கரையில் முதல் நடையில் சுமார் 350 பேரை ஏற்றிக்கொண்டு ஜிபூட்டி வந்து சேர்ந்தது. அங்கே வெளியுறவு இணையமைச்சர் வி.கே.சிங் நேரிலேயே முகாமிட்டிருந்தார். விமானப்படையின் பெரிய சரக்கு விமானங்கள் அங்கிருந்து கொச்சிக்கும் மும்பைக்கும் பறந்தன. ‘ஆபரேஷன் ராஹத்’ முடிந்தபோது 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களும், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த வெளிநாட்டவரும் மீட்கப்பட்டிருந்தார்கள். ஏமனின் முகல்லாவில் மாட்டிய 11 இந்தியர்களை ஏற்றி வந்தது பாகிஸ்தான் போர்க்கப்பல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிச் செய்திக்கு நம் சேனல்களில் விவாத மேடை போட மாட்டார்கள்.

ஏப்ரலில் சனா தூதரகத்தைப் பூட்டிவிட்டு அலுவலகம் ஜிபூட்டிக்கு வந்தது. முகாம் அலுவலகம் என்று பெயர். குறுகிய இடத்தில் முப்பது கிலோமீட்டர் அளவே அகலமுள்ள நீரிணைக்கு இக்கரையில் உட்கார்ந்துகொண்டு, அக்கரையில் நடக்கிற போரைப் பார்க்க வேண்டும். ஜிபூட்டி அதற்குப் பழகிய ஊர். பிரெஞ்சு, அமெரிக்க, ஜப்பான் ராணுவத் தளங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. 2017-இல் சீனாவும் வந்து சேர்ந்தது. அந்தக் கடலை யாரும் சும்மா விட்டதில்லை.

இந்த இடத்தில்தான் மீட்பு வெற்றிக் கதைகளில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. வார்டில் எந்தக் காயத்தோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லக்கூடிய நர்ஸ், எந்தச் சோதனைச் சாவடியில் யார் கொடி பறக்கிறது என்று தெரிந்த டிரைவர், எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த இன்ஜினீயர், இவர்கள்தான் ஒரு தூதரகத்தின் கண்ணும் காதும். அவர்களைப் பத்திரமாகக் கொச்சியில் இறக்கிவிட்ட நாளிலேயே தூதரகத்துக்குப் பாதிப் பார்வை போய்விடுகிறது. மீட்கத்தான் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதன் பிறகு அங்கே தங்கிவிட்டவர்களின் நிலைமை முன்பைவிட மோசம். 2016 மார்ச்சில் ஏடனில் கடத்தப்பட்ட கேரளப் பாதிரியார் டாம் உழுன்னாலில் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து, அவர் வெளியே வர 2017 செப்டம்பர் வரை ஆனது. அதைச் சாதித்துக் கொடுத்தது ஏமனின் இன்னொரு பக்கத்து நாடான ஓமன். அதே செப்டம்பரில் இந்தியா தன் குடிமக்கள் ஏமனுக்குப் போகவே தடை விதித்தது. புதிதாகப் போகிறவர்கள் குறைந்தார்கள். அவர்களோடு சேர்ந்து செய்தியும் குறைந்தது.

ஈரானின் கதை வேறு. 2025 ஜூன் 13-இல் இஸ்ரேல் தாக்கத் தொடங்கியபோது தெஹ்ரானின் இந்தியத் தூதரகம் மூடவில்லை. மாணவர்களைக் கோம் நகருக்கு நகர்த்தியது. உர்மியாவிலிருந்தவர்களைத் தரைவழியாக ஆர்மீனியாவுக்கு அனுப்பி, எரவான் வழியாக டெல்லிக்குக் கொண்டுவந்தது. மஷ்ஹதிலிருந்து விமானம் புறப்பட ஈரானே வான்வெளியைத் திறந்துவிட்டது. இஸ்ரேலில் இருந்தவர்கள் ஜோர்டான், எகிப்து எல்லைகள் வழியாக வந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 4,400-க்கும் அதிகமானோர். இரண்டு தரப்போடும் பேசக்கூடிய உறவும், உள்ளேயே ஒரு தூதரகமும் இருந்ததன் பலன் இது. அந்த ஜூன் 23 இரவு கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதெய்த் தளத்தை ஈரான் தாக்கியபோது தோஹாவின் வான்வெளி சில மணி நேரம் மூடியிருந்தது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு அது தூங்காத இரவு. போர் எங்கோ நடக்கிறது, பக்கத்து நாட்டில் நம் பிள்ளை இருக்கிறான். அந்தப் பக்கத்து நாடே ஒரு இரவுக்கு வரைபடத்தின் நடுவுக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒன்று சொல்லலாம். தூதரகத்தின் பட்டியலில் பெயர் இல்லாத ஆளைத் தூதரகத்தால் தேட முடியாது. வேலைக்குப் போகிறவர் இறங்கிய வாரமே தூதரகத்தில் பதிந்துகொள்வது நல்லது. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று ஊரில் இருக்கட்டும். “அங்கெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்லைண்ணே” என்று அனுப்பிவைக்கிற ஏஜென்ட், போர் வந்தால் போனை எடுக்க மாட்டார்.

ஏமன் விவகாரங்களைப் பார்க்கிற பொறுப்பு பின்னாளில் ஜிபூட்டியிலிருந்து ரியாத்துக்குப் போனது. சனாவை ஆளும் ஹூதிகளை இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஹூதிகளோடு சண்டை போட்ட நாட்டின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு சனாவின் சிறையில் இருக்கிற ஒருவருக்காகப் பேச வேண்டும். மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரள நர்ஸ் ஒருவரின் வழக்கில் நடந்தது அதுதான். தண்டனை நாள் 2025 ஜூலை 16 என்று குறித்திருந்தார்கள். இரண்டு நாள் முன்பு உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் வெங்கடரமணி, ஓர் அரசு ஓரளவுக்குத்தான் போகமுடியும், அந்த எல்லையைத் தொட்டுவிட்டோம், ஏமன் மற்ற நாடுகளைப் போல இல்லை என்றார். மறுநாள் தண்டனை ஒத்திவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கேரளத்து மதத் தலைவர் ஒருவர், ஏமனின் சூஃபி அறிஞர்கள் மூலம் தான் பேசியதாகச் சொன்னார். அரசு அதைப் பற்றித் தனக்குத் தகவல் எதுவும் இல்லை என்றது.