நெகிழ்வும் இளக்கமும்

'வளைந்து கொடுப்பவர்' என்று ஒருவரைக் குறிப்பிட்டால் அது புகழ்ச்சியா, இகழ்ச்சியா? ரப்பரை ஆராய்ந்தால் விடை ஓரளவு விளங்கும். புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தில் இன்று செம்பனையே கண்ணில் படுகிறது; ஆயினும் பால்மரம் வெட்டிப் பழகிய கைகள் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு.

மங்கில் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர். அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்குவார்கள். இந்தப் பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும்; குளிரில் விறைக்கும். இழுத்து வெகுநேரம் வைத்திருந்தால் பழைய அளவுக்கு முழுவதும் திரும்பாது. ஏன்? அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒரு தட்டு இடியாப்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. இழுத்தால் வழுக்கிப் போகின்றன.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிக்குச் சங்கிலி முடிச்சுப் போடுகிறது. முடிச்சு அளவோடு இருந்தால் ரப்பர் நீளும், விட்டதும் மீளும். கந்தகம் மிகுந்தாலோ எபொனைட் என்னும் கெட்டிப் பொருளாகிவிடும். ஆக, இளகிப் போவது வேறு, நெகிழ்ந்து மீள்வது வேறு.

நம் முன்னோரைத் தோட்டங்களுக்கு அழைத்துவந்த துரைமார், தென்னிந்தியர் சொன்னபடி கேட்பவர்கள் என்பதற்காகவே அவர்களை விரும்பினார்கள். மனிதரிடம் அவர்கள் எதிர்பார்த்தது இளக்கத்தை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து கூலி வெட்டப்பட்டபோது தொழிலாளர்கள் பொறுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள். அத்துடன், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தையும் நீக்கச் சொன்னார்கள். இது அற்பமான கோரிக்கை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அதுவே பெரியதாகப் படுகிறது. கூலி குறைந்தால் வயிறு சுருங்கும்; இறங்கி நின்றால் மனிதனே சுருங்கிவிடுவான்.

இங்கே கந்தகத்தின் வேலையைச் செய்தது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். தனித்தனி லயங்களில் கிடந்தவர்களை அது முடிச்சுப் போட்டது. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். துரைமார் அதையும் பணிவென்றே எண்ணியிருக்கக்கூடும். போருக்குப் பின் தோட்டந்தோறும் சங்கங்கள் மீண்டும் எழுந்தன. 1954-இல் அவை ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின.