கேட்பதற்கு முன் கொடுப்போம்

நம் ஊர்களில் இளைஞர் சிலர் கூடி இரத்ததானக் குழு ஒன்றைத் தொடங்குகின்றனர். வாட்ஸ்அப்பில் ஒரு குழு, முகநூலில் ஒரு பக்கம். அவ்வளவே அவர்களுடைய அலுவலகம். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டே செய்திகள் மாறி மாறி நிற்கின்றன: "அவசரம், இரத்தம் தேவை" என்னும் வேண்டுகோளும், மாலையணிந்த நிர்வாகிகளின் படமும். "புலி வருகிறது" என்று நாள்தோறும் கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். எந்நாளும் அவசரம் என்றால், மெய்யான அவசரத்தில் திரும்பிப் பார்ப்பவர் யார்?

கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டும். சிறு குழுவிடம் கொடுப்பதற்கு என்ன உண்டு என்கிறீர்களா? நிரம்ப உண்டு. மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை கூடியமர்ந்து, நான்கு வாரங்களையும் ஒரே தாளில் வகுத்துக்கொண்டால் போதும். வாரத்திற்கு மூன்று செய்திகள் தாராளம்.

முதலாவது, அறிவு தரும் செய்தி. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள நலமானோர் இரத்தம் அளிக்கலாம். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறை. இவற்றை ஒரே நாளில் கொட்டாமல், நாளுக்கு ஒன்றாகச் சொல்லலாம்.

இரண்டாவது, ஐயம் தீர்க்கும் செய்தி. "பிள்ளையின் உடல் தளர்ந்துவிடுமே" என்று அஞ்சும் அன்னையர் பலர். எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலிட்டர். வளர்ந்தவர் உடலில் இருப்பதோ ஏறத்தாழ 5 லிட்டர். இதனை உள்ளூர் மருத்துவரே ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்தால், அச்சம் அகலும்.

மூன்றாவது, நன்றி. கொடுத்தவரின் இசைவு பெற்று அவரைப் பாராட்டலாம். நோயாளியின் முகத்தை மட்டும் காட்டலாகாது. பிணியுற்றவர் காட்சிப்பொருள் அல்லர்.

நான்காவது, காலமறிந்த செய்தி. இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14, உலக இரத்ததானிகள் நாள். அக்டோபர் 1, நம் நாட்டின் தன்னார்வ இரத்ததான நாள். கோடை விடுமுறையில் கல்லூரி முகாம்கள் நின்றுவிடும். ஆகவே அதற்கு முன்னரே நினைவூட்டல் வேண்டும்.

இனி வேண்டுகோள். இரத்தப் பிரிவு, எத்தனை அலகு, எந்த மருத்துவமனை, எந்நாள் வரை, தொடர்புக்குரிய ஓர் எண் ஆகிய ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். 24 மணி நேரத்தில் தானே மறையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இதற்கு ஏற்ற இடம். நிலைத்து நிற்க வேண்டிய அறிவுரைகளுக்கு முகநூல் பக்கம் பொருந்தும். குழுக்களில் அனுப்பிய வேண்டுகோளாயின், இரத்தம் கிடைத்தவுடன் "தேவை நிறைவேறியது" என்று அங்கேயே அறிவிக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், அது கைமாறிக் கைமாறித் திங்கள் பல சுற்றும். நோயாளி இறந்த வீட்டிலும் தொலைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும்! ஆறவேண்டிய துயரை நாமே கிளறலாமா?

எழுத ஒருவர், இரத்த வங்கியில் கேட்டுச் சரிபார்க்க ஒருவர், படமெடுக்க ஒருவர் என மூவர் போதும். நாளும் பயனுள்ளதைக் கொடுத்துவரும் குழு ஒருநாள் கேட்கும்போது, ஊர் செவிசாய்க்கும். ஓர் உயிரும் பிழைக்கும்.