புல்லட்டை ஆல்டர் செய்யும் முன்

நார்ட்டன் என்ற பழம்பெரும் பிரிட்டிஷ் பைக் கம்பெனி இன்று டி.வி.எஸ். மோட்டாரின் சொத்து. ஓசூரில் ஆலை வைத்து நாம் நித்தம் பார்க்கும் அதே டி.வி.எஸ்.தான். 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். ஆனால் ஓசூரின் கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள நம் பகுதியில் பிரிட்டிஷ் வண்டி என்றால் மனசில் வருவது நார்ட்டன் அல்ல, புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்து, 1955 முதல் சென்னையில் வளர்ந்த வண்டி.

அந்தப் புல்லட்டை மாற்றியமைக்க, சிப்காட் தொழிற்பேட்டை உள்ள நம் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வரைந்து கொடுத்தால் எதையும் கடைந்து கொடுப்பார்கள். வசதிதான். ஆனால் பிரேக் டிஸ்க்கையும் ஆக்சிலையும்கூட அப்படிக் கடையச் சொல்பவர்கள் உண்டு. எந்த இரும்பு, எந்த அளவு சூடேற்றிப் பதப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாத ஒன்றின்மேல் உட்கார்ந்து நால்வழிச் சாலையில் போவதற்குத் துணிச்சல் என்று பெயரில்லை.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 346 சிசி, 18 குதிரைத்திறன். கனெக்டிங் ராடின் அடிமுனையில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஐம்பது அறுபதில் நாள் முழுக்க அசராமல் ஓடும். கம்ப்ரெஷனை ஏற்றி, பெரிய கார்புரேட்டர் வைத்து நூறில் விரட்டினால் முதலில் கைவிடுவது அந்தப் புஷ்தான். நிறுத்துவதற்கு இருப்பதோ டிரம் பிரேக். என்னைக் கேட்டால் முதல் காசு பிரேக்குக்கு, அடுத்த காசு 12 வோல்ட் விளக்குக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும். மிச்சம் இருந்தால் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து அடிப்படை அம்சத்தையே மாற்றுவதுதான் 'மாற்றம்' என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் பாகம் போடுவது பிரச்சினை இல்லை. 350-ஐ 500 ஆக்குவது, சேஸிஸை வெட்டி நீட்டுவது, எஞ்சின் எண்ணைச் சுரண்டி வேறு எண் குத்துவது எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். எஞ்சினையே மாற்ற வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. அனுமதியை முதலில் வாங்குங்கள். வண்டியின் நிறம்கூட ஆர்.சி.யில் எழுதியிருக்கிறது என்பதை பெயிண்ட் அடிக்கும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

மீறினால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சட்டத்தின் கண்ணில் 'டீலர்' என்றால் ஷோரூம்காரர் மட்டுமல்ல. வண்டி பழுதுபார்ப்பவரும் டீலர்தான். சட்டவிரோதமாக மாற்றிக் கொடுத்த பட்டறைக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விழலாம். 'எல்லாரும் பண்றாங்க சார்' என்று மெக்கானிக் சொன்னால் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

சைலன்சர் விவகாரம் தனி. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்குத் தயாரிப்பு நிலையில் 80 டெசிபல்தான் ஒலி வரம்பு. தடுப்பைப் பிடுங்கிவிட்டு ஊரை எழுப்பினால் 190(2) பிரிவு பாயும்: 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

எல்லை ஊருக்கே உரிய சிக்கல் கே.ஏ. என்ற கர்நாடகப் பதிவு எண் கொண்ட வண்டி. பெங்களூரில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, ஓசூரிலேயே வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வேண்டும். விற்பவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. ஆர்.சி. பெயர் மாறாதவரை விபத்துப் பொறுப்பு பழைய உரிமையாளர் மேல்தான் விழும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'வண்டி ஐம்பது வருஷம் பழசு, விண்டேஜ்' என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். 2021 விதிப்படி 'வி.ஏ.' எண் உண்டுதான். 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடச் செல்லுபடி. ஆனால் சேஸிஸிலும் எஞ்சினிலும் மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். தினம் வேலைக்கு ஓட்டிப்போக முடியாது.

இன்சூரன்ஸைப் பற்றிச் சுருக்கமாக: செய்த மாற்றத்தை மறைத்திருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனை நாடலாம்.

பட்டறையில் ஏமாந்தால்? கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் 'பில் வேண்டாம்னா ஐநூறு குறைச்சுக்கலாம்' என்ற பேரத்துக்கு மயங்கியவர் அங்கே வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். நாளை வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னால் அவைதான் கைகொடுக்கும்.

மாற்றிய வண்டியின் பதிவையே ஆர்.டி.ஓ. நிறுத்தி வைக்கக்கூடும். ஆனால் அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டியது அவருடைய கடமை. அதற்குப் பிறகும் உத்தரவு வந்தால் 57-வது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்கு வந்த தேதியிலிருந்து 30 நாள்தான் கணக்கு. அந்தத் தபால் உறையைத் தேதி முத்திரையோடு பத்திரமாக வையுங்கள்.